சத்தத்தைக் கூட்டுகிறேன், அண்ணா

என் பாசமுள்ள, மூளையில்லாத அண்ணாவுக்கு,

நீ சுகமா என்று கேட்க வழியில்லை. நான் சுகம். இரண்டு பேருடைய சோற்றையும் ஒருத்தியாகத் தின்று கொழுத்துப்போயிருக்கிறேன். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். உன் கம்ப்யூட்டரில் இப்போது நான்தான் கேம் விளையாடுகிறேன்.

உயிரோடு இருந்த காலத்தில் அதற்கு முன்னால் இருக்கிற கதிரையில் என்னை ஒருதரம் இருக்க விட்டாயா? "பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது விளங்காது, போய்ப் படி" என்றாய். விளங்கிவிட்டது அண்ணா. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வந்து, உன் அறைக்குள் புகுந்து, உன் கதிரையில் இருந்து உன் எதிரிகளைச் சுட்டுத் தள்ளுகிறேன். ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்தால் இப்போது என்ன விளையாடுகிறாய், எப்படி இருக்கிறது என்று கதைப்பார்களாம். எனக்கு அப்படிக் கதைக்க உன்னை விட்டால் ஆள் இல்லை. கேள்.

முதலாவது, உன் செல்லமான அந்தப் பாலைவனத்துச் சண்டை. படம் அருமை, தூசி பறப்பது கண்ணுக்குள் விழுவதுபோல இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? அந்த ஊரில் சனம் இல்லை. வீடு இருக்கிறது, கொடியில் உடுப்புக் காய்கிறது, குசினியில் சட்டி இருக்கிறது. சுடுகிறவனும் சுடப்படுகிறவனும்தான் தெருவில் நிற்கிறார்கள். அந்தச் சட்டியில் சமைத்தவள் எங்கே போனாள்? நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அன்று தெரு முழுக்கச் சனம்தானே, ஆமிக்காரனையோ இயக்கத்தையோ கண்ணாலும் காணவில்லை. இதைச் செய்தவனுக்குச் சண்டை என்றால் என்னவென்று தெரியாது. இருந்தும் நீ இதற்குள்ளேதான் வருடக்கணக்காகக் கிடந்தாய்.

கார் ஓட்டம் பரவாயில்லை. எங்கேயும் மறிக்கிறார்கள் இல்லை, இறக்கிப் பார்க்கிறார்கள் இல்லை. வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிக்குப் போவதற்குள் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருக்கிற எனக்கு அந்த வேகம் முதலில் தலையைச் சுற்றியது. இப்போதும் வளைவுகளில் என்னை அறியாமல் மெதுவாக்கிவிடுகிறேன். பழக்க தோஷம்.

பந்து விளையாட்டு எனக்குச் சரிவராது. ஆனால் அம்மாவுக்கு அதில் சனம் ஆரவாரிக்கிற சத்தம் பிடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து, "தேருக்குப் போனமாதிரிக் கிடக்கு" என்பார்.

எனக்கு உண்மையாகப் பிடித்தது நீ ஒருநாளும் திறந்தே பார்க்காத ஒன்று. வெறும் நிலத்தைத் தருவார்கள், நாங்கள் ஒரு நகரத்தைக் கட்ட வேண்டும். தெரு போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், கடற்கரையோரம் ரயில் விட்டேன். பொலிஸ் நிலையம் மட்டும் கட்டவில்லை. கள்ளர் கூடிவிட்டார்கள் என்று என் சனம் நெடுக முறைப்பாடு செய்கிறது. செய்யட்டும். கள்ளன் சாமானைத்தான் கொண்டுபோவான். ஆனால் இதை ஆசைதீர விளையாட எனக்குக் கொடுப்பினை இல்லை. சத்தம் குறைந்த கேம். சத்தம் இல்லாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அம்மா கேட்கிறார்: "என்ன தம்பி, சுகமில்லையோ?"

ஓம், அண்ணா. உன்னைத்தான் கேட்கிறார். நீ செத்தது அம்மாவுக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன்; அதில் வாசிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் அம்மாவின் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கண்ணும் அநேகமாகப் போய்விட்டது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நீயோ ஒரு சுற்றிவளைப்பில் உன்னைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு விட்ட பிறகு வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டாய். கனடாவில் இருக்கிற பெரியண்ணா வாங்கித்தந்த இந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்கு முன்னால் இருந்து விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாய். அம்மாவுக்கு அந்தச் சூட்டுச் சத்தம் ஆகாது. ஒருநாள் வாயில் வந்ததைக் கொட்டினார்.

"ஊரில உன்ரை வயசுப் பெடியள் உண்மையாச் சாகினம். நீ பெட்டிக்குள்ள செத்துச் செத்து விளையாடுறாய். போடா, செத்துத் துலை!"

எங்கள் அம்மாமார் சொல்லாத சொல்லா? பால் பொங்கி வழிந்தாலும் "செத்துத் துலை"தான், பரீட்சையில் குறைந்தாலும் "செத்துத் துலை"தான். நான் அதைக் கேட்டே வளர்ந்தேன், ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. நீ மட்டும் ரோசக்காரன். அன்றோடு அம்மாவோடு கதையை நிறுத்தினாய். தட்டைக் கதவடியில் வைக்கவேண்டும், தின்றுவிட்டு வெளியே தள்ளுவாய். அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஏதாவது கேட்டால் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டுவாய். அதுதான் உன் பதில். அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை, "நானாக் கேக்கமாட்டன், அவனாக் கதைக்கட்டும்" என்று படுத்திருந்தார். தாயும் மகனும் ஒரே வீட்டில் மாதக்கணக்காகக் கதைக்காமல் இருப்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு கௌரவம். ஊரில் இருந்து எதைக் கொண்டுவராவிட்டாலும் இதைக் கொண்டுவந்தோம்.

பிறகு உன் மவுஸ் பழுதாகியது. குண்டுக்குப் பயந்து, ஆமிக்குப் பயந்து, ஆளைக் கடத்துகிற வெள்ளை வானுக்குப் பயந்து அடைந்து கிடந்தவன் ஒரு மவுஸ் வாங்குவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டாய். கேமை நடுவில் நிறுத்திவிட்டு, திரையில் அந்தப் பாலைவன ஊரின் வரைபடம் அப்படியே நிற்கப் போனாய். நீ திரும்பி வந்த பஸ் கொழும்பு–காலி வீதியில் வெடித்தது. எங்கள் பெயரைச் சொல்லி யாரோ வைத்த குண்டு எங்கள் அண்ணா உன்னையும் கொண்டுபோனது. அவர்களை நான் எதைக் கொண்டு திட்டுவது? அம்மாவின் சொல்லைவிடக் கொடிய சொல் எனக்குத் தெரியவில்லை.

நானும், எங்களோடு இருந்து அம்மாவைப் பார்க்கிற அவரது தம்பி, எங்கள் மாமாவும் போய் உன்னை அடையாளம் காட்டினோம். காட்டியது சட்டையை. அழுவதற்கு இடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் உன் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பஸ்ஸில் செத்த மற்றவர்கள் எல்லாரும் செத்தவர்கள். நீ மட்டும் சந்தேகநபர். பொலிஸ் ஜீப் எங்களைப் பின்தொடர்ந்து வீட்டுக்கு வந்தது.

ஒரு சார்ஜன்ட், ஒரு இளம் கான்ஸ்டபிள். சார்ஜன்டின் கையில் உன் பை. உள்ளே, கருகிய பெட்டிக்குள், வாலோடு அந்தப் புது மவுஸ். நீ நொறுங்கிப்போனாய், அது நொறுங்கவில்லை. சார்ஜன்ட் வயரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"மே மொகக்த, நங்கி?" இது என்ன, தங்கச்சி என்று கேட்கிறார்.

சொன்னேன். நம்பவில்லை. திரையில் வரைபடம் வேறு, அதில் சிவப்புப் புள்ளிகள் வேறு. இது எந்த இடம் என்றார். கேம் என்றேன். "தாலா பென்னன்ன" என்றார். போட்டுக் காட்டாம்.

உன் பிணத்தைப் பார்த்துவிட்டு வந்த கையால் உன் மவுஸை மாட்டினேன், அண்ணா. துவக்கால் சுட எதை அழுத்துவது, நடக்க எதை அழுத்துவது என்று தெரியாமல் அழுத்தினேன். மூச்சு விடுவதற்குள் செத்தேன். அந்த ஆள் சாகும்போது ஒரு முனகல் போடுவானே, அது ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. இளம் கான்ஸ்டபிளுக்குப் பொறுக்கவில்லை. "மட்டத் தென்ன, சேர்" என்று, தனக்கும் தரச்சொல்லி, குனிந்து மவுஸை வாங்கினான். நல்லாத்தான் விளையாடினான். சார்ஜன்டும் கொஞ்ச நேரம் ரசித்தார். வீடு முழுக்க வெடிச்சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வந்திட்டானே? எங்கயோ போனவன் எண்டு நான் நெஞ்சிடிச்சுக்கொண்டு கிடக்கிறன். வீட்டுப் பதிவு பாக்க வந்த பொலிசோடயும் கேம் விளையாடுறான், வெக்கங்கெட்டவன்!"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். "ஓம் அக்கா, வந்திட்டான்" என்றார் மாமா.

அவ்வளவுதான். பொய்யைத் தொடக்கிவைத்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். போகும்போது மவுஸைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். இப்போது நான் பிடித்திருப்பது அதைத்தான்.

அன்று சொல்லாதது பிறகு சொல்ல முடியாததாகிவிட்டது. எப்படிச் சொல்வது? "நீங்கள் சாகச் சொன்னீர்கள், செத்துவிட்டான்" என்றா? மற்றத் தாய்மார் பிள்ளையைத்தான் பறிகொடுப்பார்கள். எங்கள் அம்மா தன் வாயையும் அல்லவா சுமந்துகொண்டு கிடக்கவேண்டும்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பிணம் வைக்கிற மலர்ச்சாலையில் இருந்து அப்படியே எரிக்கக் கொண்டுபோனோம். வானொலியில் மரண அறிவித்தலும் கொடுக்கவில்லை. அம்மா காலையில் தேத்தண்ணீரோடு கேட்பது அதைத்தான் என்று உனக்குத் தெரியும். யார் யாருடைய மருமகன், யார் யாருடைய மைத்துனர் என்று ஒன்று விடாமல் கேட்டு, "ஐயோ, இளம் பெடியன் போல. பெத்தவள் என்ன பாடோ" என்று உச்சுக்கொட்டுவார். அந்தப் பெத்தவளுக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இந்தக் கடிதம்தான் உனக்கு அறிவித்தல். அம்மாவால் வாசிக்க முடியாது, வாசித்துக் காட்டுகிற மாமா இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார். வாசிக்கிற மற்றவர்கள் தயவுசெய்து துக்கம் விசாரிக்க வந்து எங்கள் வீட்டு மணியை அடிக்கவேண்டாம்.

எட்டாம் நாள் உன் எட்டுச் செலவுப் படையலைக் கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் செய்தோம். உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். மாமா ஒரு பார்சலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், அம்மாவுக்கும் கொடுத்தார். அம்மா வடையைக் கடித்துப் பார்த்து, "ஆற்றை வீட்டு விசேஷம்? நல்ல மொறுமொறுப்பு. தம்பிக்கும் ரண்டு எடுத்து வை, அவனுக்கு விருப்பம்" என்றார். எடுத்து வைத்தேன். பிறகு உன் அறைக்குள் போயிருந்து நானே தின்றேன். நல்ல வடைதான்.

இப்போது விளங்குகிறதா நான் ஏன் கொழுக்கிறேன் என்று? பகலில் நீ நித்திரை என்று அம்மாவுக்கு நினைப்பு. பின்னேரம் உன் தட்டு கதவடிக்கு வருகிறது, அதைக் காலியாக்கவேண்டும். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் பூனைமாதிரி நடந்து, வாசல் கதவைத் திறந்து சாத்தி, செருப்பைத் தொம்மென்று கழற்றிப்போட்டு, "அம்மா, நான் வந்திட்டன்" என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு என் தட்டு.

"எங்கயடி இவ்வளவு நேரமும் திரிஞ்சனி? ஒரு பொழுது எனக்குப் பக்கத்தில இருக்கிறியே? உன்ரை அண்ணன் கதைக்காட்டிலும் வீட்டோட கிடக்கிறான். காவல் மாதிரி. நீ ஊர் சுத்திச் சுத்திக் கொழுக்கிறாய்." என் கையைப் பிடித்து அமத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.

உன்னை வீட்டில் வைத்திருப்பதற்கு நான் வீட்டில் இல்லாமல் போகவேண்டியிருக்கிறது. செத்தவன் நல்ல பிள்ளை, இருக்கிறவள் ஓடுகாலி. இதைக் கேட்டு நீ அங்கே சிரிப்பாய் என்று தெரியும். சிரி.

ஆரம்பத்தில் என் ஆட்டம் பெரிய கஷ்டம். அம்மாவுக்குக் கண் போன இடத்தில் காது வந்துவிட்டது. எது உன் துவக்கு, எது மற்றவனுடையது, எது அந்த முனகல் என்றெல்லாம் தெரியும். ஒருநாள் மாமாவிடம் சொன்னார்:

"என்ன, தம்பி இப்ப ஒரே செத்துக்கொண்டிருக்கிறான்? முந்தி இப்பிடிச் சாகமாட்டானே."

மாமா சோற்றுச் சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் அன்றுதான் உண்மையாகப் பழகத் தொடங்கினேன். மதில் மறைவில் குந்தப் பழகினேன், மூலையில் திரும்பமுன் நின்று கேட்கப் பழகினேன், ஓடுவதைக் குறைத்தேன். வேலைத்தலத்தில் கணக்குப் பார்க்கிற நேரத்திலும் அந்த ஊரின் ஒழுங்கைகள்தான் மனதில் ஓடும். நான் பிழைவிட்டால் நீ சாகிறாய், அம்மா கேட்கிறார். நான் கவனமாக இருந்தால் நீ சாவதில்லை. இப்போது ஒரு பின்னேரம் முழுக்க உன்னைச் சாகாமல் வைத்திருப்பேன். போன கிழமை அம்மா, "பாத்தியே, தம்பி தேறிட்டான்" என்றார். அன்று நீ அந்த பஸ்ஸில் ஏறமுன் இவ்வளவு கவனம் யாராவது எடுத்திருக்கலாம்.

இப்போது உன்னிடம் சொல்ல வந்த விஷயம்.

போன வெள்ளிக்கிழமை அம்மா மாமாவைக் கூப்பிட்டுத் தன்னைச் சுவரடிக்கு நகர்த்தச் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே சுட்டுக்கொண்டிருந்தேன். சுவரைக் கையால் தட்டிவிட்டுக் கதைத்தார். கேட்கமாட்டேன் என்றிருந்த அம்மா தானாகக் கேட்டார், அண்ணா.

"தம்பி, அம்மாவோட எவ்வளவு காலத்துக்குக் கோவமாயிருப்பாய்? அண்டைக்கு நான் சொன்னது வாயால சொன்னது ராசா, மனசால இல்லை. அது உனக்குத் தெரியும்தானே? நீ கதைக்கவேண்டாம். நான் சொன்னது காதில விழுந்துதெண்டு மட்டும் காட்டு."

உன் முறைப்படி பார்த்தால் நான் சத்தத்தைக் கூட்டியிருக்கவேண்டும். ஸ்பீக்கரின் சத்தக் குமிழில் கையை வைத்தேன். மறுபக்கம் திருகிவிட்டேன். சத்தம் முழுதாக நின்றது.

நான் உன்னளவு கொடுமைக்காரி இல்லை. அதுதான் பிசகு.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அழுதார், பிறகு சிரித்தார். "கேட்டிட்டான்! டேய், கேட்டிட்டான், தம்பி கோவம் ஆறீட்டான்!" என்று மாமாவைக் கத்திக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல வெளியே இருந்து வந்த பிள்ளையாக உள்ளே வந்தபோது, திட்டாமல் என்னைப் பக்கத்தில் இருத்தி என் தலையைத் தடவினார். எத்தனை காலத்துக்குப் பிறகு! அதற்காக நான் உனக்கு நன்றி சொல்லமாட்டேன்.

மாமா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அவர் என்னோடு கோபித்துக் கதைக்கிற மனிதர் இல்லை, அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கோபித்தார்.

"ஏன் பிள்ளை குறைச்சனி? இனி அவ முகத்தைப் பாக்கவேணும், தொட்டுப் பாக்கவேணும் எண்டு கேப்பா. ஆற்றை முகத்தைக் குடுக்கப்போறாய்?"

அவர் சொன்னபடியே நடக்கிறது. அம்மா தலையை வாரி இழுத்துவிடச் சொன்னார், தோய்த்த சேலை கேட்டார். தன் சக்கரக் கதிரையை உன் அறை வாசலில் வைக்கச் சொல்லி அதிலேயே இருக்கிறார். "அவன் வெளிய வரேக்கை முதல் என்னிலதான் முழிக்கவேணும்" என்கிறார். இன்று மாமா அவரைக் குளிக்க வார்க்கிற நேரம் பார்த்து நான் உள்ளே புகுந்து கதவைப் பூட்டிவிட்டேன். இப்போது வெளியே போக வழியில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துதான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் அம்மாவின் கை கதவைத் தடவுகிறது, வளையல் பலகையில் படுகிற சத்தம் கேட்கிறது.

"தம்பி, வாவன். கோவம் ஆறீட்டுதெண்டால் வாவன் ராசா."

இனி என்ன செய்வது, சொல்லு. கோபம் ஆறிய மகன் என்றால் கதவைத் திறக்கவேண்டும். திறந்தால் நிற்பது நான். அம்மாவின் விரல்கள் என் முகத்தைத் தடவின உடனே உன் சாவு அவருக்குத் தெரிந்துவிடும், தன் சொல்லும் நினைவுக்கு வரும். கோபம் ஆறாத மகன் என்றால் அப்படியில்லை. அம்மா அவனைத் திட்டலாம், அழலாம், நாளைக்கு ஆறுவான் என்று காத்திருக்கலாம். காத்திருக்கிறவளுக்குச் சோறு இறங்கும்.

பாலைவன ஊரைத் திறந்துவிட்டேன். மதில் மறைவில் குந்தியிருக்கிறேன். ஒரு கை மவுஸுக்குப் பக்கத்தில் இதை எழுதுகிறது, மற்றக் கை சத்தக் குமிழில் இருக்கிறது. எழுதி முடித்தவுடன் அது எவ்வளவுக்குத் திருகுமோ அவ்வளவுக்குத் திருகப்போகிறேன். அம்மா அழுவார். மாமா வந்து தள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கவிடுவார். அதற்குப் பிறகு நான் பூனைமாதிரி வெளியே போய், செருப்பைக் கழற்றிப்போட்டு, வீட்டுக்கு வருவேன். ஊர் சுற்றுகிறவள் என்று பேச்சு விழும். அது எனக்குப் பழகிவிட்டது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணா. அம்மா இருக்கும்வரை உன்னைச் சாக விடமாட்டேன். அவரை நீ மன்னிக்கவும் விடமாட்டேன்.

இன்னும் வீட்டுக்கு வந்துசேராத உன் தங்கச்சி,
வதனி